படம் வந்துவிட்டது, எழுத்து வரவில்லை

தை பிறந்துவிட்டால் சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. காகிதக் கட்டுகளை ஏற்றிய மீன்பாடி வண்டிகள் ஒரு பக்கம், கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்க வந்த குடும்பங்கள் மறுபக்கம். அப்படியொரு கடையின் மாடியில், குறுகலான மரப்படி ஏறிப் போனால் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்றின் முன்னால்தான் ஆள். இன்னொன்றின் நாற்காலியில் கார்டு மாதிரிகள் நிறைந்த அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆளாக இருப்பவர் டிடிபி ஆப்பரேட்டர். இந்த வேலையில் 26 வருடம்.

நான் போயிருந்த நேரத்தில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகளுக்குத்தான் கல்யாணம். அப்பா போனை நீட்டினார்.

“தம்பி, டிசைன் ரெடியா இருக்கு. அப்படியே பிரிண்ட் போட்டாப் போதும்.”

“ஏஐ-ல நானே பண்ணினேன் அண்ணா” என்றாள் மகள்.

அழகான படம், சந்தேகமே இல்லை. மயில் நீலப் பின்னணி, இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, தூரத்தில் கோபுரம். நடுவில் தங்க நிறத்தில் ‘திருமண அழைப்பிதழ்’. ஆப்பரேட்டர் அதைத் தன் கணினிக்கு வாங்கிப் பெரிதாக்கினார். கோபுரத்துச் சிலைகளில் ஒன்றுக்கும் முகம் இல்லை. பிறகு எழுத்துக்கு வந்தார். ‘ழை’யில் முன்னால் நிற்க வேண்டிய இரட்டைச் சுழி பின்னால் போய் நின்றது. ‘பி’யின் கொக்கி ‘ப’வைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தது. கடைசி ‘ழ்’இன் புள்ளி நகர்ந்து அடுத்த வாழை இலையின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்பா அதுவரை நான்கு முறை வாசித்திருப்பார். பழக்கத்தில் சரியாகவே வாசித்துவிட்டார். மகளுக்குத்தான் சட்டென்று தெரிந்தது. “அய்யோ, ஆமால்ல!”

ஆப்பரேட்டர் இன்னொன்றையும் சொன்னார். படத்தின் அகலம் 1080 பிக்சல். அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அந்தக் கணக்கில் இது 3.6 அங்குலம்தான் வரும்; கார்டோ ஏழு அங்குலம். திரையில் ஜொலிக்கிற அந்த மயில் நீலமும் நான்கு மையில் அச்சாகும்போது மங்கிவிடும். எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும், டிசைன் சார்ஜ் தனி என்றார்.

அப்பா கேட்டார்: “டிசைனைத்தான் நாங்களே கொண்டுவந்துட்டோமே. அப்புறம் எதுக்குத் தம்பி அதுக்குக் காசு?”

அந்த மனிதர் கஞ்சத்தனத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். சிவகாசி அச்சகங்களில், கோடம்பாக்கத்து விளம்பர அலுவலகங்களில், திருப்பூர் பனியன் கம்பெனிகளில், வீட்டிலிருந்தே லோகோ செய்து தரும் பெண்களின் வாட்ஸ்அப்பில் இன்று இதே கேள்விதான் வேறு வேறு சொற்களில் வந்து விழுகிறது. படம் கையில் இருக்கிறதே, நீ எதற்கு?

மூன்றே வருடம்

2022 ஏப்ரலில் டால்-இ 2 வந்தது. ஜூலையில் மிட்ஜர்னி பொதுமக்களுக்குத் திறந்தது. ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் இலவசமாகவே வெளியானது. அடுத்த மார்ச்சில் அடோபி தன் ஃபயர்ஃபிளையை அறிவித்தது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் படம் வரையும் வசதி புதுப்பிக்கப்பட்டபோது, நம் ஊர் வாட்ஸ்அப் முகப்புப் படங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ஜப்பானிய அனிமேஷன் பொம்மைகளாக மாறியதை எல்லோரும் பார்த்தோம். மூன்று வருடத்துக்குள் இவ்வளவும். உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை, வேகமாகக் குறைந்துவரும் வேலைகளின் பட்டியலில் கிராஃபிக் டிசைனரைச் சேர்த்தது. அதே அறிக்கை, செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் முகப்பு வடிவமைப்பவர்களை வளர்கிற வேலைகளின் பட்டியலில் வைத்தது. இரண்டு வேலைக்கும் வேண்டிய கண் ஒன்றுதான் என்பதை நினைத்தால், அந்த அறிக்கை சொல்ல வருவது கொஞ்சம் விளங்கும்.

படம் செய்வது மலிவாகிவிட்டது. அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் கிராஃபிக் டிசைன் என்பது எந்த நாளிலும் படம் செய்வது மட்டுமாக இருந்ததில்லை. ஒரு செய்தியை யார், எங்கே நின்று, எவ்வளவு நேரம் பார்ப்பார்கள், முதலில் எது கண்ணில் பட வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதுதான் இந்தத் தொழில். தமிழில் அதன் உயிர் இருப்பது எழுத்தில். நம் டிசைனர்களின் எதிர்காலம் என்று பேசும்போது எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை எழுத்தைப் பற்றி, அந்த எழுத்தைப் பழகும் நாற்காலிகள் காலியாவதைப் பற்றி.

முன்பும் ஒரு கரை தாண்டினோம்

நான் ஒரு பத்திரிகையின் லே-அவுட் பிரிவில் சேர்ந்தபோது பக்கங்களை புரோமைடு தாளில் எடுத்து, வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் எழுத்து பிழை என்றால் பிளேடால் அந்த ஓர் எழுத்தை மட்டும் கீறி எடுத்துவிட்டு, சரியானதை ஊசி முனையில் தூக்கி வைப்பார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் அதற்கும் முந்திய தலைமுறை, அச்சுக்கோப்பவராக இருந்தவர். ஈய எழுத்தைத் தலைகீழாகவும் வலமிடமாகவும் வாசித்துப் பழகியவர். பேஜ்மேக்கர் வந்ததும் ஐம்பது வயதில் கணினி முன் உட்கார்ந்தார். விசைப்பலகையில் அவருக்கு வேகம் கிடையாது. ஆனால் ஒரு வரி புள்ளி எழுத்தில் தொடங்க அவர் விடமாட்டார். ‘பார்த்தேன்’ என்ற சொல்லை மென்பொருள் உடைத்து, ‘ன்’ மட்டும் அடுத்த வரியின் தலையில் வந்து விழுந்தால் அவருக்கு உடம்பே கூசும். சொற்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்த பிறகுதான் டீ குடிக்கப் போவார். எங்களில் யாருக்கும் அதை அவர் பாடமாக நடத்தவில்லை. பார்த்துப் பார்த்து எங்களுக்கும் கூச ஆரம்பித்தது.

1985-ல் அமெரிக்காவில் பேஜ்மேக்கரும் லேசர் பிரிண்டரும் சேர்ந்து தொடங்கிவைத்த அந்தப் புரட்சி, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தமிழ்நாட்டின் ஈய எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட வைத்தது. பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சினிமா கட்-அவுட் வரைந்தவர்கள், கடைப் பலகை எழுதியவர்கள் சாரத்தைவிட்டு இறங்கினார்கள். ஒரு தலைமுறைக் கைகள் வேலையிழந்தன. அந்த வலிக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் யார் என்று யோசித்தால், மௌஸை வேகமாகப் பிடித்தவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தூரிகையைக் கீழே வைத்தபோதும் கண்ணைக் கூடவே எடுத்துப் போனவர்கள்தான் நின்றார்கள். ஓவியர் ட்ராட்ஸ்கி மருது கோட்டோவியத்தில் தேர்ந்த கையோடு கணினிக்குள் நுழைந்தார். அங்கும் அது அவருடைய கோடாகவே இருந்தது. கே.எம். ஆதிமூலம் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தூரிகையால் எழுதிய தலைப்பெழுத்துகளை இன்று பார்த்தாலும், கணினி எழுத்துருக்கள் இன்னும் எட்டாத ஒரு துள்ளல் அவற்றில் இருக்கிறது.

கௌவும் கெளவும்

எழுத்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய மொழிகளிலேயே முதலில் தன் சொந்த வரிவடிவில் அச்சேறியது தமிழ். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அதற்குச் சாட்சி. அச்சுக்காகவும் தட்டச்சுக்காகவும் எழுத்தையே மாற்றிக்கொண்டவர்கள் நாம். 1935-ல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் தொடங்கிவைத்த சீர்திருத்தம் 1978-ல் அரசாணையாகி, ‘ணை’க்கும் ‘லை’க்கும் இருந்த யானைத் துதிக்கை போனது. இவ்வளவு நீண்ட அச்சு வரலாறு இருந்தும், கணினிக்குள் நம் எழுத்து ஓர் ஒழுங்குக்கு வர இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.

ஆண்டர்சன் தெரு ஆப்பரேட்டரின் கணினியில் இன்றும் பாமினி எழுத்துரு இருக்கிறது. இங்கும் இலங்கையிலும் பல அச்சகங்களில் அதுதான் அன்றாடச் சோறு. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ்நாடு அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010-ல். நடுவில் இருபது வருடம் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. அந்த வருடங்களில் நாம் வடிவமைத்த லட்சக்கணக்கான பக்கங்கள் தேடினால் கிடைக்காதவையாக, கணினி வாசிக்க முடியாதவையாக சிடிக்களில் தூங்குகின்றன. படம் வரையும் இயந்திரம் தமிழ் எழுத்தில் தடுமாறுவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். அது பார்த்துப் பழகத் தகுந்த நல்ல தமிழ்ப் பக்கங்களை நாம் அதன் கண்ணில் படும்படி வைக்கவில்லை.

மற்றொரு காரணம் நம் எழுத்தின் உடலமைப்பு. ‘கொ’ என்பதில் க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். ஒலி ஒன்று, உயிர்க்குறி ஒன்று. அது தன் மெய்யை இரண்டு பக்கமும் கைபோட்டுப் பிடித்துக்கொள்கிறது. ‘கௌ’ இதைவிடச் சிக்கல். அதன் வலப்பக்கக் குறி பார்வைக்கு ‘ள’ போலவே இருக்கும். சில எழுத்துருக்களில் சற்றுச் சிறிதாக வரைந்திருப்பார்கள். பலவற்றில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. அதனால் கடைப் பலகையிலும் போஸ்டரிலும் ‘கௌரி’ பாதி நேரம் ‘கெளரி’யாக, அதாவது கெ-ள-ரியாக நிற்கிறாள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினியில் தேடினால் கிடைக்கமாட்டாள். பார்வையற்றவர்களுக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளோ அவளைக் ‘கெளரி’ என்றே கூப்பிடும். புதிய இயந்திரங்களில் எழுத்து முன்னைவிடத் தேறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நாளை ‘ழை’யின் சுழி சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆனால் கௌவா கெளவா என்று தயங்கி நிற்கிற மனம் அதோடு வந்துவிடாது.

கைபேசித் திரைக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் ஆறெழுத்து அகலத்துக்கு வரைந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று நாம் எழுத வேண்டியிருக்கிறது. தலைப்பைத் தூக்கிக் காட்ட ஆங்கில டிசைனருக்குப் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று இரண்டு கருவிகள் பிறப்பிலேயே உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது; சாய்வெழுத்து நம் மரபும் அல்ல, சாய்த்தால் பாதி எழுத்துகள் விழப்போவது போலத்தான் தெரியும். அளவு, தடிமன், நிறம், வெற்றிடம் ஆகியவற்றைக் கொண்டே எல்லா ஏற்ற இறக்கத்தையும் காட்ட வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் தமிழைக் கொண்டுபோய்த் திணித்தால், மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘ழு’வின் வளைவும் வெட்டுப்படும். போன மாதம் ஓர் அலுவலகத்தில் டோக்கன் திரையை நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எந்த வரிசையில் நிற்பது என்பதே அந்த வெட்டுப்பட்ட எழுத்தில் சரியாகத் தெரியாமல் ஒரு பாட்டி என்னிடம் வந்து கேட்டார். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில் முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை ஒட்டியதன் விலையை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரவு பதினோரு மணி வேலை

இந்தத் தொழிலுக்கு யாரும் நேராக வாசல் வழியாக வந்ததில்லை. சென்னை கவின்கலைக் கல்லூரியோ ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமோ வெகு சிலருக்கு. மற்றவர்கள் எல்லாம் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு, தெரிந்த அண்ணன் கடையில் உட்கார்ந்து பழகியவர்கள். விசிட்டிங் கார்டு, பில் புக், காதுகுத்துப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

அந்த போஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவு பதினோரு மணிக்கு வருவார்கள். விடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். கொண்டுவந்திருக்கும் படமோ பதினைந்து வருடத்துக்கு முந்திய கல்யாண குரூப் போட்டோ. அதில் மூன்றாவது வரிசையில் இறந்தவர் பாதி மறைந்து நிற்பார். அந்த முகத்தை வெட்டி, பக்கத்து ஆளின் தோளை அழித்து, ஒரு வெள்ளைச் சட்டை போட்டு, உயிரோடு இருப்பவர் மாதிரி ஆக்க வேண்டும். பிறகு பெயர்ப் பட்டியல். மூத்த மகன் பெயர் முதலில், மருமகன் பெயர் எங்கே, சண்டை போட்டுப் பிரிந்த தம்பி பெயர் உண்டா இல்லையா. ஓர் எழுத்து பிழையானால் மறுநாள் சாவு வீட்டில் தகராறு. பேருந்தில் போகிறவர் பத்து நொடியில் யார், எந்த ஊர், எப்போது எடுக்கிறார்கள் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். அளவு, வரிசை, வெற்றிடம், வாசகர், பொறுப்பு என்று டிசைன் கல்லூரியில் நான்கு வருடம் சொல்லித் தருவதை ஒரு பையன் இப்படிப் பத்து இரவுகளில் அழுகைக்கு நடுவே கற்றுக்கொள்வான். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பத்திரிகை வடிவமைப்பாளர்களில் இரண்டு பேர் அங்கிருந்து வந்தவர்கள்.

கையிலிருந்து கழன்றுபோவது இந்தச் சின்ன வேலைகள்தான். 2013-ல் கேன்வா வந்தபோதே பிறந்தநாள் கார்டு போய்விட்டது. இப்போது அஞ்சலிப் படத்தையும் பேரன் கைபேசியிலேயே செய்து குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவுக்காகத் தன் கையால் ஏதோ செய்திருக்கிறான். பெரிய நிறுவனங்களின் பெரிய வேலைகளுக்குத் தேர்ந்த டிசைனர்கள் இன்னும் வெகுகாலம் வேண்டும். ஆனால் இருபது வருடம் கழித்து அந்தத் தேர்ந்தவர் எங்கிருந்து வருவார்? முதல் ஐந்து படிகளை எடுத்துவிட்டு ஆறாவது படியில் ஆள் நிற்க வேண்டும் என்கிறோம். சம்பளம் கொடுத்துப் பழக்குவதற்கு எந்த நிறுவனமும் தயாராக இல்லை. ‘ஜூனியர் செய்வதை ஏஐ செய்கிறதே’ என்கிறார்கள். ஜூனியர் வேலையின் பாதி விளைச்சல் அந்த வேலையில் இல்லை, அந்த ஜூனியரில் இருந்தது.

ஓவியர் சில்பியை நினைத்துக்கொள்கிறேன். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வந்த காலத்தில், கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர் அவர். இன்று ‘கோயில் சிற்பம், கோட்டோவியம்’ என்று கேட்டால் அரை நிமிடத்தில் ஒன்று கிடைக்கும். சில்பி அந்தச் சிலை முன் உட்கார்ந்திருந்த மணிக்கணக்கான நேரம் அந்த அரை நிமிடத்தில் எங்கும் இல்லை. அதனால்தான் நம் கல்யாணப் பத்திரிகைக் கோபுரத்துச் சிலைகளுக்கு முகமும் இல்லை. இப்படிக் கிடைக்கும் படம் யாருக்குச் சொந்தம் என்பதும் தெளிவில்லாமல் கிடக்கிறது. இயந்திரம் மட்டுமே செய்ததற்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டமோ 1994-லிருந்தே, கணினி உருவாக்கும் படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. யார் ‘உருவாக்கச் செய்தவர்’? ஒரு வரி தட்டிய வாடிக்கையாளரா? கடைக்கு லோகோ செய்து கொடுக்கும் தம்பி தங்கைகள் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

எழுத்தைச் செய்கிறவர்கள்

நம்பிக்கை இல்லாமல் நான் இதை எழுதவில்லை. 2010 ஜூலையில் இந்திய ரூபாய்க்கு ஒரு குறி ஏற்கப்பட்டது. அதை வரைந்த உதயகுமார் தர்மலிங்கம், மும்பை ஐஐடியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது தமிழ் எழுத்து வடிவத்தை. நாடு முழுக்க நோட்டிலும் பில்லிலும் தினம் பார்க்கும் ஒரு குறிக்குப் பின்னால் நம் எழுத்தின் வளைவுகளை வருடக்கணக்கில் உற்றுப் பார்த்த ஒரு கண் இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே முரசு மென்பொருளோடு தொடங்கியவர். ஆப்பிள் கணினிகளில் வந்த இணைமதி எழுத்துரு அவர் செய்தது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த எழுத்துருவுக்குப் பெயரே கட்டுமரம். ‘கேட்டமரன்’ என்ற ஆங்கில உச்சரிப்பில் உலகம் சுற்றுகிறது, ஒன்பது தடிமன்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இலங்கையின் தாரிக் அஸீஸ் தந்த ‘பவனம்’, ‘கவிவாணர்’ இரண்டையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2022-ல் வெளிவந்த ‘அனேக்’ குடும்பத்தில் தமிழ் உட்பட ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் லத்தீனும் ஒன்றாக வரையப்பட்டுள்ளன. தடிமனைப் போல அகலத்தையும் அதில் நம் விருப்பப்படி நெருக்கலாம், விரிக்கலாம். ‘சமர்ப்பிக்கவும்’ பொத்தானுக்குள் அடங்காமல் தவித்தவர்களுக்கு அது என்ன வரம் என்று தெரியும்.

இவ்வளவு இருந்தும் நம் தெருவில் கண்ணில் படுவது அதே நான்கைந்து பழைய எழுத்துருக்கள். நல்ல எழுத்துரு ஒன்று செய்ய வருடக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு உயிர்மெய்யையும் தனித்தனியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குக் காசு கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. பத்திரிகைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படத்துக்குச் செலவழிக்க இனி அவ்வளவு தேவைப்படாது என்றால், அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது எழுத்துக்குத் திருப்பலாம். தனக்கென்று எழுத்துரு செய்துகொள்ளும் ஒரு ஜவுளிக்கடை, ஒரு மாநகராட்சி, ஒரு பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் வர வேண்டும். பாலிடெக்னிக்கில் விஸ்காம் படிக்கும் பிள்ளை முதல் ஆறு மாதம் மென்பொருளைத் தொடாமல் பட்டை நிப்பில் ‘அ’ எழுதிப் பழகினால் என்ன குறைந்துவிடும்?

ஆண்டர்சன் தெரு மாடியில் அந்த ஆப்பரேட்டர் அப்பாவிடம் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு பழைய பத்திரிகையையும் மகளின் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ரெண்டையும் ஒரு கை தூரத்துல பிடிச்சுப் படிங்க சார்” என்றார். அப்பா பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “சரி தம்பி, எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க” என்றார்.

மகளின் படத்தை ஆப்பரேட்டர் தூக்கி எறியவில்லை. வாழையை வைத்துக்கொண்டார், கோபுரத்தை எடுத்துவிட்டார். தலைப்பை வேறு எழுத்தில் அடித்தார். மணமகள் பெயருக்கு வந்தபோது நின்றார். அவள் பெயரின் முதல் எழுத்து ‘கௌ’. அவள் அனுப்பியிருந்த மேட்டரில் அது ‘கெ’, ‘ள’ என்று இரண்டாக இருந்தது.

“உன் பேரையே தப்பா அடிச்சிருக்கியேம்மா.”

“ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?”

அவர் எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார். துணியால் ஒரு தட்டு தட்டினார்.

“உட்காரு. காட்டறேன்.”